குட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

எங்கள் விலங்குக் காப்பகத்தின் கேட்டைக் காலை ஆறரைக்குத் திறப்பவர், பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர். பூட்டில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் தரையைப் பார்ப்பார், பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். எழுத்து எதுவும் இருக்காது, படம் மட்டும்தான்.

போன வருடம் தீபாவளி கழிந்த மறுவாரம் வந்த படத்தில் ஒரு மைலோ பெட்டி. ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. காற்றுக்காக மூடியில் பேனாவால் ஓட்டை போட்டிருந்தார்கள். நான் போய்த் திறந்தபோது, நாலாக மடித்த பழைய கைலியின் மேல் ஏழு நாய்க்குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் ஒரு டின் மூடி, அதில் வற்றிப்போன பால். அந்தக் கைலியை மடித்து விரித்தது இரக்கமுள்ள கை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் அந்த ஏழில் நான்கு இறந்துபோயின.

நான் பினாங்குத் தீவில் கால்நடை மருத்துவர். வார நாள்களில் கிளினிக், சனிக்கிழமை காலையில் இந்தக் காப்பகம். பல வருடமாக இப்படித்தான் போகிறது. இந்தக் கட்டுரையை அந்தக் கைலிக்கு உரியவரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். இரவோடு இரவாகக் குட்டிகளை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. "இங்கே விட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நம்பித்தான் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போன ஒரு விஷயம் இருக்கிறது: தடுப்பூசி போடாத குட்டிக்குக் காப்பகத்தைவிட ஆபத்தான இடம் குறைவு.

அந்த ஏழுக்கும் வரும்போது ஐந்து வாரம் இருக்கும். கொழுகொழுவென்று, காதுக்குள்கூட அழுக்கில்லாமல், தாய் நன்றாக நக்கி வளர்த்த குட்டிகள். ஆறாம் நாள் காலையில் ஒன்று மட்டும் தட்டுக்கு வரவில்லை. மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தது. மதியம் வாந்தி. மறுநாள் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயின் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது, கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நான்கு எண்ணியும் திரும்பவில்லை. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத முன்னங்காலில் ரத்தக்குழாயைத் தேடி டிரிப் ஏற்றினோம். அன்று மாலைக்குள் இன்னும் மூன்று படுத்துவிட்டன.

பார்வோ வைரஸ் மண்ணிலும் சிமெண்டுத் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூட. சோப்புக்குச் சாகாது, ஸ்பிரிட்டுக்கும் சாகாது. செருப்படியில் ஒட்டி வரும், தட்டில் வரும், கொஞ்சுகிறவர் சட்டையில் வரும். உடம்புக்குள் போனபிறகு பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் நோய் வெளியே தெரியும். சில சமயம் இரண்டு வாரமும் ஆகலாம். வைத்தியம் இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குட்டி போய்விடும். சீக்கிரம் டிரிப் ஏற்றிக் கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். ஆனால் ஏழும் ஒரே சமயத்தில் படுத்து, இரவில் டிரிப்பைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர் இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல ஊசி. ஆனால் தாய் முதல் நாளில் கொடுக்கும் சீம்பாலிலிருந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, நாம் போடும் ஊசியை அது வேலை செய்யவிடாது. அந்தத் தாய்க்காப்பு ஒரு குட்டிக்கு ஆறு வாரத்தில் கரையும், இன்னொன்றுக்குப் பதினாறு வாரம்வரை நிற்கும். எதற்கு எப்போது கரையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். "ஒரு ஊசி போட்டாச்சு டாக்டர்" என்று சொல்லி, குட்டியைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இடையில் வரும் அந்தக் காப்பில்லாத நாள்களில் குட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஊரெல்லாம் திரிந்த நாய்கள் வந்து சேரும் காப்பகமா, அல்லது ஓர் அம்மா நாயும் ஒரு வீடும் மட்டுமா?

நாங்கள் சுத்தமாக வைத்திருக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஆரோக்கியமான குட்டிகளின் அறை முதலில், பிறகு பெரிய நாய்கள், கடைசியில்தான் புதிதாக வந்தவையும் நோய்ப்பட்டவையும் இருக்கும் தனியறை. அங்கே போனவர் அன்று திரும்பக் குட்டிகளிடம் போகக்கூடாது. அந்த அறைக்கென்று தனி ரப்பர் செருப்பு, தனி துடைப்பம். முதலில் மலத்தை அள்ளி, தரையைத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் ஒரு பங்கு குளோராக்ஸ் பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவோம். பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். அழுக்கின்மேல் குளோராக்ஸ் ஊற்றினால் வேலை செய்யாது. கேட் திறக்கும் அண்ணன் இந்தப் பத்து நிமிடத்தைக் கைக்கடிகாரம் பார்த்துத்தான் விடுவார்.

சனிக்கிழமைகளில் எட்டுப் பத்துப் பேர் உதவிக்கு வருவார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சீன ஆன்ட்டி பெரிய பானையில் சோறும் கோழியும் வேகவைத்துக் கொண்டுவருவார். வெங்காயமும் பூண்டும் போடமாட்டார், இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. பூனைப் பகுதி முழுக்க ஒரு மலாய்க்கார அக்காவின் பொறுப்பு. நாய்களைக் குளிப்பாட்டி நடக்கக் கூட்டிப்போவது பெரும்பாலும் நம் பிள்ளைகள். படிவம் 5 படிக்கும் ஒரு பெண், அந்த ஏழு குட்டிகள் வந்த அன்று தனியறை வாசலில் நின்று, "ஒரே ஒரு தடவை தூக்கிக்கிட்டுமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காப்பகத்தில் நான் சொல்லவேண்டியிருக்கும் வார்த்தைகளில் கஷ்டமானது அதுதான். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அரைமணி நேரம் குட்டிகளோடு பேசிவிட்டுப் போனாள்.

சரி, உங்கள் வீட்டுப் பக்கம் நாய் குட்டி போட்டுவிட்டது. என்ன செய்வது?

இந்த வருடத் தொடக்கத்தில் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அடுக்குமாடி வீட்டின் கீழே படிக்கட்டுக்கு அடியில், அவர் தினமும் சோறு வைக்கும் நாய் குட்டி போட்டிருக்கிறது.

"எட்டுக் குட்டி டாக்டர். எங்க கொண்டாந்து விடணும்?"

"குட்டிங்க கண் திறந்திருச்சாம்மா?"

"இப்பதான் லேசா திறக்குது."

"அப்போ பத்துப் பதினாலு நாள்தான் ஆகுது. இப்போ தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க. வாயைத் திறந்து பாருங்க, பல்லு முளைக்க ஆரம்பிச்சா மூணு வாரம் ஆச்சுன்னு அர்த்தம். அப்போ கூப்பிடுங்க."

கூப்பிட்டார். இதற்கிடையில் அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும் மட்டும்தான். பாலூட்டும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும். "வெள்ளிக்கிழமை வீட்டுல சைவம் டாக்டர், தயிர்சாதம்தான் வைக்க முடியும்" என்று தயங்கினார். அன்றைக்கு நாய்க்கென்று விற்கும் உலர் தீனியையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். நாலாவது வாரத்தில் அதே தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துக் குட்டிகளுக்கும் வைக்கத் தொடங்கினார். ஆறாவது வாரம் நானே படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்து எட்டுக்கும் பூச்சி மருந்தும் முதல் ஊசியும் போட்டேன். படம் எடுத்துக் காப்பகத்தின் வழியாகப் பரப்பினோம். எட்டு வாரம் தாண்டியபிறகு ஒவ்வொன்றாக வீடு கிடைத்தது. காப்பகத்துத் தரையை அவற்றில் ஒன்றுகூட மிதிக்கவில்லை.

தாய் செத்துப்போய், அல்லது காணாமல் போய், குட்டிகள் மட்டும் அநாதையாகக் கிடந்தால் நிலைமை வேறு. அப்போது காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள். உதவி வரும்வரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது, மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்தும் உண்டு. போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பசும்பாலும் டின் பாலும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குட்டிகளுக்கென்றே பால்மாவு கிளினிக்குகளில் கிடைக்கும்.

எல்லாரும் குட்டிகளையே பார்க்கிறோம், பெட்டியில் வராத தாயை மறந்துவிடுகிறோம். பெட்டி வந்த ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு அடித்துக்கொள்வது அங்கேதான். மடி கட்டிப்போய் அது எங்கோ தேடிக்கொண்டு அலையும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது பருவத்துக்கு வரும், அறுபத்து மூன்று நாள் சுமக்கும், மறுபடி ஏழோ எட்டோ. பூனைக்கு அதுவும் இல்லை. பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். நாலைந்து மாதக் குட்டிப் பூனையே சினையாகி என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்யச் சில நூறு வெள்ளி ஆகும். அதைச் செலவு என்று தயங்குகிறவர்கள் உண்டு, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏழு குட்டிகளுக்கு ஆன டிரிப்பும் மருந்தும் அதைப்போல் பல மடங்கு. கட்ட முடியாதவர்கள் தாயைப் பற்றிக் காப்பகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். நன்கொடைப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று என்னிடம் விட்டால், நான் முதலில் கை நீட்டுவது கருத்தடைக்குத்தான்.

ஏன் இருட்டில் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு காரணம் பயம். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல இங்கே உத்தரவு வந்தது. பலர் எதிர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி, பத்தில் ஏழு நாய்க்காவது தடுப்பூசி போடுவது. அந்த நாள்களின் நினைவு சோறு வைக்கிறவர்கள் மனத்தில் இன்னும் இருக்கிறது. மாநகர் மன்றத்து வண்டி வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், குட்டிகளைப் பெட்டியில் அள்ளிப்போட்டு எங்களிடம் ஓடிவருகிறார்கள்.

இன்னொரு பயம் சட்டம். விலங்குநலச் சட்டம் 2015, நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலையில். விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் பகலில் வந்து, "என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, வழி சொல்லுங்கள்" என்று கேட்பவரை எங்கள் காப்பகத்தில் யாரும் திட்டமாட்டார்கள், போலீசைக் கூப்பிடமாட்டார்கள். எத்தனை வாரக் குட்டி, தாய் எங்கே, உங்களால் எத்தனை நாள் தாங்க முடியும் என்று மட்டும் கேட்போம். இரண்டு வாரம் தாங்க முடியும் என்றால்கூட அந்த இரண்டு வாரத்துக்குத் தீனி கொடுத்து அனுப்புவோம்.

ஆயர் ஈத்தாம் அம்மா, கடைசிக் குட்டியும் வீடு போன மறுவாரம், ஒரு சொந்தக்காரப் பையனின் வேனில் தாயைக் கூட்டிவந்தார். பால் வற்றியிருந்தது. அன்றே கருத்தடை செய்தோம், வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டோம். மயக்கம் தெளிந்து அது தலையைத் தூக்கும்வரை தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது கேட் திறக்கும் அண்ணன் ஒரு பை தீனியைத் தூக்கி வேனில் வைத்தார். தையல் பிரிக்க எப்போது வரவேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். பத்து நாள் கழித்து, காலையில், கேட் திறந்தபிறகு வாருங்கள் என்றேன்.