எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டி அகற்ற முதலமைச்சர் காப்பீடு: எந்தெந்த இடத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்?

மலக்குடலில் இருந்த எட்டு மில்லிமீட்டர் கட்டி ஒன்றை அகற்றுவதற்காக, எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெண்மணி ஏழு வாரம் அலைந்ததை உடனிருந்து பார்த்தேன். கார்சினாய்டு என்னும் அந்த அரிய வகைக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, ஆழமாகப் பரவாமலும் இருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாகவே எடுத்துவிட முடியும். அவருக்கும் மருத்துவர் அதைத்தான் சொன்னார். சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஏழு வாரமும் காகிதங்களுக்காகவே போயிற்று. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. இந்தத் தொகை குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். அதே ஆண்டில் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மீதம் எவ்வளவு என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அந்தப் பழைய கணக்கையே நம்பி, தங்களுக்குத் தகுதியில்லை என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்; அவர்கள் மீண்டும் விசாரிக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு அட்டை மையத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே விதி. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் விடுப்பில் இருந்தால் சான்றுக்கு ஒரு வாரம், மையத்தில் இணைய இணைப்பு இல்லையென்றால் இன்னொரு நாள் என்று கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். ஆகவே சிகிச்சை தேவைப்படும் வரை காத்திருக்காமல் அட்டையை முன்னதாகவே எடுத்து வையுங்கள்.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் குடும்ப அட்டைதான். அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு இல்லை. ஊரில் இருந்த அட்டையிலிருந்து தாயின் பெயரை நீக்கிவிட்டு மகனின் அட்டையில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். திருமணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடக்கிறது. நான் சொன்ன பெண்மணிக்கும் இதுதான் நேர்ந்தது: கணவரின் பழைய காப்பீட்டு அட்டை கையில் இருந்தது, அதில் அந்தப் பெண்மணியின் பெயர் இல்லை, அது மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மகனுக்கோ மகளுக்கோ 25 வயது ஆகிவிட்டாலும், அதற்கு முன்பே வேலையோ திருமணமோ ஆகிவிட்டாலும், பெற்றோரின் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது.

இனி மருத்துவமனை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்ற பலகை மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு சிகிச்சைப் பிரிவுக்கும் தனித்தனியாக வழங்கப்படுகிறது. எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் இரைப்பை, குடல் சிகிச்சைக்கு அது இல்லாமல் இருக்கலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், குடல் சிகிச்சைக்கு உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனை என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் தவறாமல் விசாரியுங்கள்.

சிகிச்சைக்கு முன் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்தில் சிகிச்சை என்ற இடத்தில் "எண்டோஸ்கோப்பி" என்ற ஒரே சொல்தான் இருந்தது. பேனாவால் அதைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் "பரிசோதனை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குழாயை விட்டுப் பார்ப்பதும், அதே குழாய் வழியாகக் கட்டியை அறுத்து எடுப்பதும் வேறு வேறு என்பதைப் படிவம் சொல்லவில்லை என்றால் மேசையில் இருப்பவர் தானாக யோசித்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே மருத்துவரின் குறிப்பில் கட்டியின் இடம், அளவு, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு, "எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டி அகற்றும் சிகிச்சை" என்ற முழுப் பெயர், உள்நோயாளியாக அனுமதிக்க வேண்டிய காரணம் ஆகிய அனைத்தும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

நிராகரிப்பு வேறு, விளக்கம் கேட்பது வேறு. ஏதேனும் ஓர் அறிக்கை குறைவாக இருந்தால் நிறுவனம் அதைக் கேட்டு எழுதும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவர் அதைக் கவனிக்காவிட்டால் கோப்பு அங்கேயே கிடக்கும், உங்களிடம் "இன்னும் வரவில்லை" என்று மட்டுமே சொல்வார்கள். விண்ணப்ப எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, கட்டணமில்லா எண்ணில் நீங்களே நிலையை விசாரியுங்கள்.

அனுமதி வருவதற்கு முன் பணம் கட்டிச் சிகிச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்திட்டம் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற அடிப்படையில் இயங்குவது; கையிலிருந்து கொடுத்த பணம் பின்னர் திரும்பும் என்று நம்ப வேண்டாம். அனுமதி கிடைத்த பிறகு காயத்தை மூடும் கிளிப்புக்கு, கட்டியை அறுக்கும் கம்பி வளையத்துக்கு, மயக்க மருந்துக்கு என்று தனியாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தாலும், தந்தாலும், அதே எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள்.

வீடு திரும்பும் அவசரத்தில் பலர் விட்டுவிடும் ஒன்று, எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கை. கட்டி ஓரங்களில் மிச்சமில்லாமல் முழுமையாக வந்துவிட்டதா, மேற்கொண்டு அறுவை சிகிச்சை தேவையா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். மறு சிகிச்சை தேவைப்பட்டால் அதற்குத் தனியாக முன் அனுமதி கேட்க வேண்டும். அப்போதும் முதலில் கேட்பது இந்த அறிக்கையைத்தான். அது வரச் சில நாள் ஆகும் என்பதால், எந்தத் தேதியில் யாரிடம் வாங்க வேண்டும் என்பதை வெளியேறும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.