நார்வே: உறுப்பினராகாமலே சந்தைக்குள் இருக்கும் ஏற்பாடு

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல. ஆயினும் நார்வேக் குடிமக்கள் ஜெர்மனிக்கோ ஸ்பெயினுக்கோ சென்று பணி அனுமதி பெறாமலே வேலையில் சேரலாம். நார்வேயின் பெரும்பாலான தொழிற்பொருள்கள் ஒன்றியத்துக்குள் சுங்கவரியின்றி விற்பனையாகின்றன. 1992 மே 2 அன்று போர்ட்டோ நகரில் கையெழுத்தாகி, 1994 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. ஐஸ்லாந்தும் லிக்டன்ஸ்டைனும் இதே வழியில் இணைந்துள்ளன.

முழு உறுப்பினராவது குறித்து நார்வே மக்களிடம் இருமுறை கருத்துக் கேட்கப்பட்டது. 1972இல் 53.5 விழுக்காட்டினரும், 1994 நவம்பரில் 52.2 விழுக்காட்டினரும் வேண்டாம் என்றனர். மீன்வளமும் வேளாண்மையும் தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் வடக்குக் கடலோரப் பகுதிகளில் வலுவாக இருந்தது. ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கை, பொது மீன்வளக் கொள்கை, வெளிநாட்டுப் பொருள்களுக்கு உறுப்பு நாடுகள் ஒரே சுங்கவரி விதிக்கும் சுங்க ஒன்றியம் ஆகிய மூன்றும் இந்தப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பதால், வெளியிலிருந்து வரும் இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் வரி விதித்துத் தன் உழவர்களைக் காக்க நார்வேயால் முடிகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நார்வேயின் சால்மன் மீன் ஒன்றியத்துக்குள் செல்லும்போது வரி செலுத்துகிறது. புகையூட்டிய சால்மனுக்கு அந்த வரி இன்னும் அதிகம் என்பதால், பதப்படுத்தும் வேலையில் கணிசமான பகுதி போலந்து போன்ற நாடுகளில் நடைபெறுகிறது.

பொருளும் சேவையும் மூலதனமும் ஆட்களும் தடையின்றிச் செல்லும் ஒற்றைச் சந்தை தொடர்பாக, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் இயற்றப்படும் சட்டங்களை நார்வே தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றை நிறைவேற்றும் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் அமைச்சர்கள் அவையிலும் அதற்கு வாக்கு இல்லை. வரைவுக் கட்டத்தில் நிபுணர் குழுக்களில் கருத்துச் சொல்லலாம். ஒரு சட்டத்தை ஏற்க மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது, ஆனால் மறுத்தால் ஒப்பந்தத்தின் தொடர்புடைய பகுதி இடைநிறுத்தப்படலாம். அஞ்சல் துறையைப் போட்டிக்குத் திறந்துவிடும் சட்டத்தை ஏற்க மாட்டோம் என்று 2011இல் அறிவித்த அரசின் முடிவை, 2013இல் பதவியேற்ற புதிய அரசு கைவிட்டது. ஒன்றியத்தின் வருமானம் குறைந்த உறுப்பு நாடுகளுக்கு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றும் தரும் நிதியுதவியிலும் நார்வேயே பெரும்பங்கைச் செலுத்துகிறது. என் பார்வையில், பணத்தைவிட வாக்கின்மையே இந்த ஏற்பாட்டின் பெரிய விலை.

முழு உறுப்பினராக வேண்டுமெனில் வழி கடினமானது. நார்வேயில் பொது வாக்கெடுப்பு ஆலோசனைத் தன்மை கொண்டதே. இறையாண்மை அதிகாரத்தைப் பன்னாட்டு அமைப்பொன்றுக்கு மாற்ற, அரசியலமைப்பின் 115ஆம் பிரிவு நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளைக் கோருகிறது. 169 உறுப்பினர்களும் வாக்களிக்கும் நாளில், மக்கள் ஆம் என்று சொல்லியிருந்தாலும், 43 பேர் எதிர்த்தால் தீர்மானம் தோற்றுவிடும்.