402 மீட்டர், 1300 சிசி, ஒரு எடைமேடை

கால் மைல் டிராக் (drag) பந்தயம், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் பந்தயத்தின் நீளம் 402.3 மீட்டர். அந்த நேர்கோட்டில் ஒரு கார் எத்தனை நொடியில் போய்ச் சேரும் என்பதை வண்டியைக் கிளப்பாமலே ஓரளவு சொல்லிவிடலாம். ஓட்டுநரோடு சேர்ந்த எடையை கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை குதிரைத்திறனால் வகுத்து, வருவதற்குக் கனமூலம் கண்டு, 7.58-ஆல் பெருக்கினால் நொடி கிடைக்கும். டிராக் பந்தயக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் ஹேல் சூத்திரத்தின் மெட்ரிக் வடிவம் இது.

கனமூலம் எங்கிருந்து வந்தது? இன்ஜின் ஒரே சக்தியைத் தொடர்ந்து தந்தால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடும். வேகம் நேரத்தின் வர்க்கமூலமாக ஏறும், தூரம் நேரத்தின் ஒன்றரை அடுக்காக ஏறும். திருப்பிப் போட்டால் நேரத்தின் கனம் எடை/சக்தி விகிதத்தைப் பொறுத்தது என்று வரும். உராய்வே இல்லாத கணக்கில் அந்தப் பெருக்கெண் 6.25 தான். 7.58-க்கும் அதற்கும் உள்ள இடைவெளியை கியர் மாற்றம், கிளட்ச், டயர் வழுக்கல், காற்று எதிர்ப்பு எல்லாம் பங்கு போட்டுத் தின்கின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மாருதியின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) எஸ்டீம் கார்: 1298 சிசி, 85 குதிரைத்திறன், சுமார் 875 கிலோ. ஓட்டுநர் 70 கிலோ என்றால் விகிதம் 11.1, நேரம் 16.9 நொடி. அதே இன்ஜினை மாருதி 800 கூட்டுக்குள் இறக்கினால் ஓட்டுநரோடு ஏறக்குறைய 760 கிலோ, விகிதம் 8.9, நேரம் 15.7 நொடி. ஏறக்குறைய 1.2 நொடி லாபம்! சத்துவாச்சாரி பட்டறையோ காட்பாடி பட்டறையோ, இந்தக் கணக்கைக் கேட்டதும் பலரும் ஸ்பேனரை எடுத்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம், இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது பிடிமானம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி முடுக்கும்போது எடை பின்னால் சாய்கிறது, இழுக்கும் சக்கரம் லேசாகிறது. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், டயர் பிடிமானம் 0.9, எடையில் 60 முதல் 62 சதவீதம் முன்னால் என்று வைத்துக்கொண்டால், எஸ்டீமின் முன்டயர்கள் தாங்கும் இழுப்பு சுமார் 430 கிலோ விசை. முதல் கியரில் மொத்த விகிதம் 13 என்றால் இன்ஜின் தருவது சுமார் 435. கிட்டத்தட்ட சமம். மாருதி 800-ல் சக்கர இடைவெளி குறைவு, டயரும் சின்னது. டயர் சின்னதானால் அதே டார்க் (சுழற்றும் விசை) தரையில் 500 கிலோ விசையாக இறங்கும், தாங்கும் அளவோ 350. முதல் கியர் முழுக்கப் புகைதான். அந்தப் 15.7 காகிதத்தோடு நின்றுவிடும். நல்ல ஒட்டும் டயர், டிஃபரன்ஷியல் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கடைசிப் பல்சக்கரம்) விகிதத்தைக் குறைப்பது என்று அதற்குத் தனிச் செலவு இருக்கிறது.

இரண்டாவது, கிளாஸ். நம் நாட்டில் கார்களைப் பெரும்பாலும் சிசி வைத்தும், ஸ்டாக்கா (கம்பெனியில் வந்தபடியே இருப்பதா) மாற்றியமைத்ததா என்பதை வைத்தும் பிரிக்கிறார்கள். இன்ஜினைக் கூடு மாற்றியதும் சிசி மாறாவிட்டாலும் ஸ்டாக் வரிசையை விட்டு வெளியேறிவிடுவீர்கள். எதிரே நிற்பது சீட், கண்ணாடி எல்லாம் கழற்றிய வண்டியாக இருக்கும். அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய டிராக் பந்தயச் சங்கமான என்ஹெச்ஆர்ஏ, ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பிரிவுகளில் வேறு வழி போகிறது. எடையை, சங்கம் நிர்ணயித்த குதிரைத்திறனால் வகுத்து, ஒரு குதிரைக்கு எத்தனை பவுண்டு என்று பார்த்துக் கிளாஸ் பிரிக்கிறார்கள். அங்கே எடை கூட்டிக் குறைத்துப் பக்கத்துக் கிளாசுக்கு நகரலாம். சிசி முறையில் அந்த வாய்ப்பில்லை. குறைந்தபட்ச எடை விதிக்கப்படாத இடத்தில் இலகுவான கூடே பாதி வெற்றி என்பதால், இரண்டில் நேர்மையானது பவுண்டுக் கணக்குதான் என்று தோன்றுகிறது.

சிசி எல்லையில் அடிக்கடி மாட்டுவது ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. அந்த எஸ்டீம் இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மிமீ. நான்கு சிலிண்டருக்கும் பெருக்கினால் 1298.9 சிசி. கிளாஸ் எல்லை 1300 என்றால் போர் 74.03 மிமீயைத் தாண்டக் கூடாது. லேத் பட்டறையில் ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றுவது) கொஞ்சம் கூடுதலாகப் போனாலே அந்த 0.03 தீர்ந்துவிடும். 0.25 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 1308, அரை மிமீ என்றால் 1316. இன்ஜின் தலையைக் கழற்றி அளந்தால் மேல் கிளாசுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே உங்கள் வண்டிதான் கடைசி. எல்லை 1400 என்றால் ஒரு மிமீ ஓவர்சைஸுக்கும் (1334 சிசி) கவலையில்லை. ஆகவே போரிங் கொடுக்கும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் எல்லை எண்ணைப் பாருங்கள்.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வண்டியின் சிசிக்கு, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ விதியில் பெருக்கெண் உண்டு: பெட்ரோலுக்கு 1.7, டீசலுக்கு 1.5. 998 சிசி டர்போ பெட்ரோல் கணக்கில் 1697 ஆகிவிடும். 1248 சிசி டீசல் 1872.

இனி கியர். எஸ்டீம் கணக்கில் கோட்டைக் கடக்கும் வேகம் ஏறக்குறைய மணிக்கு 130 கிமீ. டயர் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 1200 சுற்று. உச்ச சக்தி 6000 சுற்றில் கிடைத்தால், முடிவுக்கோட்டில் இருக்கும் கியர் விகிதமும் டிஃபரன்ஷியல் விகிதமும் பெருக்கி 5 வர வேண்டும். கோட்டுக்குச் சற்று முன்னால் இன்னொரு கியர் மாற்ற நேர்ந்தால் விகிதம் பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு மாற்றம் கால் நொடியைக்கூட விழுங்கும்.

வெயில் நம்மூர் விஷயம். 25 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும், 17 நொடி வண்டியில் அது 0.3 நொடி. கார்புரேட்டர் வண்டியில் இதைவிட ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. மே மாத மதியத்தில் வேலூரில் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) சரிபார்த்து, டிசம்பர் காலை 22 டிகிரியில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டினால் காற்று 6 சதவீதம் அடர்ந்திருக்கும், பெட்ரோல் போதாது. தட்டல் சத்தம் வரும், தொடர்ந்தால் பிஸ்டன் மண்டை உருகும். தடத்திலேயே ஒரு ஓட்டம் முடித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். (பெங்களூரு நெடுஞ்சாலையில் இதைச் சோதிப்பவர்களுக்கு பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு காத்திருக்கிறது.)

கடைசியாக எடை. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் லாரி ஏற்றும் எடைமேடைகள் பெரும்பாலும் 10 கிலோ அல்லது 20 கிலோ படியில்தான் காட்டும். அந்தச் சீட்டை நம்பி குறைந்தபட்ச எடையை ஒட்டிப் போகாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து அளந்தால் முன்பின் பங்கும் தெரியும். எடை சேர்க்க வேண்டியிருந்தால் முன்சக்கர வண்டிக்கு இரும்புத் தகட்டை முன்பக்கம் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அம்பாசிடர், பத்மினி போன்ற பின்சக்கர வண்டிக்கு டிக்கியில். ஓட்டுநரோடு எடை பார்ப்பார்களா, இல்லாமலா என்பதும் விதியில் இருக்கும். ஓட்டம் முடிந்தபின்பும் எடை போடுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ, எனவே டேங்கில் குறைந்தபட்சம் இருக்கும் நிலையிலும் எல்லைக்கு மேல் ஐந்து கிலோ மிச்சம் விடுங்கள். அந்த ஐந்து கிலோவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 0.03 நொடி.