சாங்ஷன்: தடையா, ஒறுப்பா?

'சாங்ஷன்' (sanction) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரு முகம். கடன் 'சாங்ஷன்' ஆனால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள். ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்' வந்தால் தண்டனை. இந்த முரண்பாடு வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் 'சாங்க்டியோ' என்பது ஆணையையும், அதை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் சட்டப் பிரிவையும் குறித்தது. புனிதம் என்று பொருள்படும் 'சாங்க்டுஸ்' இதன் உடன்பிறப்பு. சட்டத்துக்கு வலுவூட்டும் கிளையில் ஒப்புதல் முளைத்தது, மீறினவரைத் தண்டிக்கும் கிளையில் அயலுறவுப் பொருள் முளைத்தது.

ஆக, அந்தச் சொல்லுக்குள் ஒரு கட்டளை, ஒரு மீறல், ஒரு தண்டனை மூன்றும் உண்டு. செய்திகளில் வரும் 'பொருளாதாரத் தடை'யில் கட்டளை காணாமல் போகிறது. அதனால் பலனை அளக்கும்போதும் தடுமாறுகிறோம்: சரக்கு நின்றதா என்று பார்க்கிறோம், அரசு பணிந்ததா என்று கேட்க மறக்கிறோம்.

ஈராக்கைப் பாருங்கள். அது குவைத்தைப் பிடித்து நான்கு நாள் கழித்து, 1990 ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை அதனுடனான வணிகத்தைத் தடுக்கும் 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. துருக்கி, சவூதி வழியாக ஓடிய எண்ணெய்க் குழாய்கள் அடைபட்டன, ஏற்றுமதி ஏறக்குறைய முழுதுமாக நின்றது. தடை என்ற அளவில் அது வெற்றி. ஆனால் படை குவைத்தை விட்டு நகரவில்லை, 1991 போர்தான் நகர்த்தியது.

லிபியா நேர்மாறு. 1992இல் விமானப் போக்குவரத்தும் ஆயுத விற்பனையும் தடுக்கப்பட்டன, எண்ணெய் விற்பனை தொடர்ந்தது. அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும், 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே நடந்த விமானக் குண்டுவெடிப்பில் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை 1999 ஏப்ரலில் அந்த அரசு ஒப்படைத்தது. ஐ.நா. நடவடிக்கைகள் உடனே நிறுத்திவைக்கப்பட்டன. காலம் பிடித்தது உண்மைதான். ஆனால் முதன்மைக் கோரிக்கை குறுகலானது, செய்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்தது. ஓர் ஆட்சி தன்னையே கலைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் எந்தத் தண்டனையும் அதை எளிதில் அசைக்காது.

தமிழில் 'ஒறுப்பு' இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. குறள் 156இல் 'ஒறுத்தார்' என்றால் தண்டித்தவர். கிறித்தவர்களின் தவக்கால 'ஒறுத்தல்' என்பது வேண்டியதை மறுத்துக்கொள்வது. தண்டிப்பதும் மறுப்பதும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவு 'சாங்ஷன்' என்று சொல்லாமல், ஆயுதப்படை சாராத 'நடவடிக்கைகள்' என்றே சொல்கிறது. எனவே பொதுப்பெயராக 'ஒறுப்பு நடவடிக்கை' என்று எழுதலாம். பொருள் சார்ந்தது பொருளாதார ஒறுப்பு. கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது வணிகத்தடை, வங்கிப் பணத்தைத் தொடவிடாமல் செய்வது சொத்து முடக்கம், கப்பல்களைப் படையால் மறிப்பது முற்றுகை. கடைசியில் சொன்னது 41ஆம் பிரிவில் வராது, படையை அனுமதிக்கும் 42ஆம் பிரிவைச் சேர்ந்தது.