ஓவியன் குழாயைத் தப்பாக வரையவில்லை

பழைய ஐரோப்பிய இசைக்கருவிகளுக்கு நகல் செய்வது என் தொழில். மடியில் வைத்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கி, மறு கையால் வாசிக்கிற சின்ன ஆர்கனைத்தான் பலரும் கேட்டு வருவார்கள். செல்போனில் ஒரு படத்தை நீட்டுவார்கள். 14-ஆம் நூற்றாண்டுச் சுவடியில் ஒரு தேவதை ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும். "குழாயெல்லாம் ஒரே பருமனா இருக்கே, வரைஞ்சவனுக்கு விவரம் பத்தலை. நீங்க சரியாச் செஞ்சுடுங்க."

அவசரப்படாதீர்கள். பெத்லகேமில் 1906-இல் மண்ணுக்கடியிலிருந்து 222 ஆர்கன் குழாய்கள் கிடைத்தன. சிலுவைப்போர்க் காலத்தவை. நீளம்தான் வெவ்வேறு, பருமன் ஒன்றே. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதி வைத்த செய்முறையும் அதையே காட்டுகிறது: செப்புத் தகட்டை ஒரே இரும்பு உருளைமேல் சுற்றித் தட்டிப் பற்றவைக்க வேண்டும். உருளை ஒன்று, ஆகவே பருமனும் ஒன்று. இன்னொரு பழைய குறிப்பில் பருமனுக்கு அளவுகோல் புறா முட்டை!

பருமன் ஒன்றாக இருந்தால் நீளக் கணக்கு வேறு என்பது எனக்கும் பட்டுத்தான் புரிந்தது. முதல் நகலில் 28 மி.மீ. உள்விட்டத்தில் எல்லாக் குழாயையும் சுருட்டினேன். பெரிய குழாய் 600 மி.மீ., அதன் மேல் ஸ்தாயிக்குச் சரிபாதியாக 300 என்று வெட்டினேன். ஊதினால் சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் இறங்கி நிற்கிறது. காற்றின் அலை குழாயின் விளிம்போடு நிற்பதில்லை, வாய்ப்பக்கமும் நுனியிலும் கொஞ்சம் வெளியே நீளும். அந்த நீட்சி விட்டத்தைப் பொறுத்தது; குழாயைப் பாதியாக்கினாலும் அது பாதியாகாது. 277-க்குப் பக்கத்தில் வெட்டியபிறகுதான் சேர்ந்தது. மடாலயங்களில் எழுதிய கணக்குகளிலேயே, விட்டத்தில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் படித்தபோது தாண்டிப் போயிருந்தேன்.

ஒரே பருமனால் குரலும் மாறும். நீளக் குழாய் அதன் உயரத்துக்கு ஒல்லி. தந்தி உரசுவது போல நரநரவென்று, தாமதமாகப் பேசும். காற்று கூடினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். குட்டிக் குழாய் குண்டு, புல்லாங்குழல் மாதிரி மொழுமொழுவென்று ஒலிக்கும். இரண்டு ஸ்தாயிவரை இது அழகுதான், அதற்கு மேல் இழுக்காது. 1440-ஐ ஒட்டி அர்னோ த ஸ்வோலெ எழுதிய கையேட்டில் குழாய் குட்டையாக ஆக விட்டமும் குறைகிறது. 19-ஆம் நூற்றாண்டில் டோப்ஃபர் என்ற ஜெர்மானிய ஆர்கன் அறிஞர் வகுத்த அளவில், அரைச்சுரம் அரைச்சுரமாக எண்ணினால் 17-ஆவது குழாய்க்கு விட்டம் பாதி. எல்லாரும் 'சரி' என்று நினைப்பது இந்தப் பிற்கால வழக்கத்தைத்தான்.

அதற்காகப் படத்தின்மேல் ஸ்கேலை வைத்து அளந்து வராதீர்கள். நுனிகளின் வரிசையைப் பாருங்கள். ஏழு சுரமுள்ள வரிசையில் 8-ஆவது குழாய் முதலாவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் நுனிகள் நேர்கோட்டில் இறங்காது. முதலில் மடமடவென்று, பிறகு மெதுவாக, உள்வாங்கிய வளைவாக இறங்கும். பல படங்களில் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். அங்கே நீளம் ஓவியன் கண்ணளவு. பருமனை நம்பலாம், நீளத்தை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

எத்தனை ஸ்தாயி வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு வாருங்கள். மூன்று கேட்டால் ஒரே உருளையில் சுருட்ட மாட்டேன்.