சைகை காட்டுகிறவர் வடம் பிடிப்பதில்லை

மதுரை சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வரும்போது கொஞ்சம் ஊன்றிப் பாருங்கள். வடம் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புகிறவர்கள் சில பேர். முகப்பில் நின்று சைகை காட்டுகிறவர் வடத்தைத் தொடுவதே இல்லை. அவரும் இறங்கி இழுக்க ஆரம்பித்தால் தேர் யார் வீட்டு வாசலில் போய் நிற்குமோ! தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் மில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தீ விபத்து ஒத்திகை நடத்தப் போய்வருகிறேன். எங்கே போனாலும் இந்தத் தேரிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு துணிக் கிடங்கில் தீ. ஒரு வண்டிதான் நுழையும் சந்து அது. நாங்கள் முன்வாசல் வழியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டோம். அடுத்து வந்த குழு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்க ஜன்னலை உடைத்து அங்கிருந்து அடித்தது. அவர்கள் அடித்த தண்ணீர் சூட்டையும் நீராவியையும் அப்படியே எங்கள் முகத்துக்குத் தள்ளிவிட்டது. என்னோடு வந்த ஒருவருக்குக் காதும் கழுத்தும் வெந்துபோயின. இதற்கு நடுவில், "வேலைக்காரப் பையன் உள்ள மாட்டிக்கிட்டான்" என்று வெளியே ஒரு சத்தம். புகையில் தடவித் தடவி இருபது நிமிடம் தேடினோம். பையன் எதிர்க்கடையில் டீ குடித்தபடி எங்களைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஆளுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமே இல்லை. வெளியே நின்று முன்வாசலையும் பின்வாசலையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தர் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஹோஸைப் பிடித்தால்தான் வேலை செய்த மாதிரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

இந்தத் தவறை அமெரிக்காக்காரர்கள் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1970இல் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயில் 13 நாள்களில் 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வந்து குவிந்த துறைகள் ஒரே பொருளுக்கு வேறு வேறு பெயர் சொல்லின. ஒருவர் வயர்லெஸ்ஸில் பேசியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, விபத்துக் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று அவர்கள் உருவாக்கிய முறையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வழிகாட்டுதலாக வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பு அதிகாரி. களத்தில் ஒரு தலைவர். அவருக்குக் கீழே களப்பணி, திட்டம், பொருள் வழங்கல் என்று மூன்று பிரிவுகள்.

படிக்கும்போது பெரிய அலுவலக விவகாரம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது எளிய விஷயம்தான்: ஒரு ஆளுக்கு ஒரே மேலாள். ஒரு மேலாளுக்குக் கீழே மூன்றிலிருந்து ஏழு பேர், ஐந்து என்றால் வசதி. முதலில் வந்து சேர்ந்தவர்தான் தலைவர், பதவி சின்னதாக இருந்தாலும் சரி. பெரிய அதிகாரி வந்ததும் நேருக்கு நேர் நிலைமையைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "இனிமே நான் பார்த்துக்கறேன்" என்று அவர் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம்.

பாதுகாப்புக்கென்று ஒருவரைத் தனியாக நிறுத்துவதை நம் ஆட்கள் வீண் என்று நினைக்கிறார்கள். ஆபத்து தெரிந்தால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. துணி மூட்டை தண்ணீரைக் குடித்தால் கனக்கும்; பழைய மாடி அந்தக் கனத்தைத் தாங்காது. உள்ளே இருப்பவனுக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும், சுவரில் விழும் விரிசல் வெளியே நிற்பவன் கண்ணில்தான் படும். 2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பழைய கட்டடத்துக்குள் ஆள் அனுப்பும் எவருக்கும் அது நினைவுக்கு வராமல் போகாது.

அப்புறம் வண்டிகள். நம் ஊர்ச் சந்துகளில் எல்லா வண்டியும் உள்ளே வந்தால் ஒன்றும் வெளியே போகாது. ஒதுக்குப்புறமாக ஓர் இடத்தில் நிறுத்தி, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் திரும்பி, போகிற பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும்.

போன மாதம் ஒரு மண்டபத்தில் ஒத்திகை. யார் தலைவர் என்று கேட்டேன். "நான்தான் சார்" என்றார் முதலாளி. முகூர்த்த நேரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் சிலிண்டர் பற்றினால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்றேன். வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாராம். சரி, அந்த நேரத்தில் முழித்திருப்பது யார்? வாட்ச்மேன் அண்ணன். அப்படியென்றால் நீங்கள் வரும்வரை அவர்தான் தலைவர் என்றேன். 101க்கு யார் போன் செய்வது, 108க்கு யார், தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது யார், வெளியே வந்தவர்களை எண்ணுவது யார் என்று பெயர் சொல்லி வாட்ச்மேன் அண்ணனையே கைகாட்டச் சொன்னேன். "யாராச்சும் போன் பண்ணுங்கப்பா" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள்.

அண்ணன் முதலில் கூச்சப்பட்டார். மூன்றாவது தடவை ஓடவிட்டபோது, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய முதலாளியைப் பார்த்து, "சார், நீங்க வாசல்ல நின்னு ஆளை எண்ணுங்க" என்றார். முதலாளி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.