"குரூப்ல கேட்டேன் டாக்டர்"

மறுபடியும் ஒண்ணு. ரெண்டாவது குழந்தை, 38 வாரம், பிபி 160/110, ரெண்டு நாளா தலைவலி, கண்ணு மங்கலா தெரியுது. ஏம்மா நேத்தே வரலன்னு கேட்டா, "போன்ல இருக்குற அம்மாக்கள் குரூப்ல கேட்டேன் டாக்டர், கடைசி மாசம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், இப்ப ஆஸ்பத்திரி போனா நேரா ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க"ங்குறா. அம்மாவும் குழந்தையும் பிழைச்சுட்டாங்க, அதனாலதான் இப்ப உக்காந்து கோவமா எழுத முடியுது.

அந்த பிபில தலைவலியும் கண் மங்கலும் வந்தா என்ன ஆகும்னு இங்க பாடம் எடுக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணுக்கே தெரியும். கிராம சுகாதார நர்ஸ் குடுத்த அட்டைல தமிழ்லயே போட்டிருக்கு, படிச்சிருக்கா. அப்புறம் ஏன் வரலன்னா, குரூப்ல கேவலமா போயிடும்னு. அவ போன்ல காட்டினா, படிச்சுப் பாத்தேன். நார்மல் டெலிவரின்னு யாராவது போட்டா ஹார்ட்டா கொட்டுது, "சிங்கப்பெண்ணே"ங்குறாங்க. சிசேரியன்னு போட்டா "பரவால்ல சிஸ், அடுத்த தடவ ட்ரை பண்ணுங்க", துக்கம் விசாரிக்கிற மாதிரி. ஸ்கேன் எடுக்கலாமான்னு ஒருத்தி கேட்டதுக்கு "உங்க உடம்ப நீங்களே நம்பலயா?"ன்னு பதில். யாரும் திட்டல, மிரட்டல. ஆனா அடுத்து கேக்க நெனச்சவ வாயத் தெறக்க மாட்டா.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது ஒரே ஒரு கேள்விதான். "ஆயிரம் பேர் இருக்காங்க டாக்டர், எல்லாருமா பொய் சொல்வாங்க?" பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லவே இல்ல. அந்த ஆயிரத்துல பேசுறது எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்க, அதே பத்து பதினஞ்சு பேர்தான் திரும்பத் திரும்ப. மத்தவங்க லைக் போடுறவங்க, இல்ல படிச்சுட்டுப் போறவங்க. குழந்தைய இழந்தவ வந்து எழுத மாட்டா, எழுத அவளுக்குத் தெம்பு இருக்காது. மீறி எழுதினா "நெகட்டிவா பேசாதீங்க, மத்த அம்மாக்கள் பயப்படுவாங்க"ன்னு அட்மின் டெலிட் பண்ணிருவாங்க, கொஞ்ச நாள்ல அவளே வெளிய போயிருவா. கடைசில குரூப்ல மிச்சம் இருக்குறது நல்லபடியா முடிஞ்சவங்க மட்டும்தான், நீங்க அத பாத்து ஆயிரம் பேருக்கும் நல்லபடியா முடிஞ்சதுன்னு கணக்கு போடுறீங்க!

லைக்க நம்புறவங்களுக்கு இன்னொண்ணு. 2013ல சயன்ஸ் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு செய்தி தளத்துல வர்ற கமெண்ட்டுகள்ல சிலதுக்கு, எழுதின உடனேயே ஆராய்ச்சியாளர்களே சும்மா ஒரு லைக் போட்டு விட்டாங்க. அந்த ஒரே ஒரு பொய் லைக்கால கடைசில அந்த கமெண்ட்டோட மதிப்பு சராசரியா 25 சதவீதம் ஏறிருச்சு. கமெண்ட் என்னவோ அதே கமெண்ட்தான்.

வீட்டுப் பிரசவ விஷயத்துல இது எங்க கொண்டு போய் விடும்னு நம்ம ஊர்லயே பாத்தாச்சு. 2018ல திருப்பூர்ல யூடியூப் வீடியோவ நம்பி வீட்லயே பிரசவம் பாத்து, ரத்தப்போக்குல ஒரு அம்மா செத்துப் போனாங்க. அவ்ளோ நடந்தும் 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல ஒரு தம்பதி வாட்ஸப் குரூப் வழியா வீட்டுப் பிரசவம் பாத்தாங்க, அந்த குரூப்ல ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்க, போலீஸ் விசாரணை வரைக்கும் போச்சு. நெறமாச கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடும்ங்க. குழந்தை பொறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காம போனா, குரூப்ல டைப் பண்ணி பதில் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

எங்க பக்கமும் பேசணும், சக டாக்டர்கள் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம், தனியார்ல மட்டும் பாத்தா 60ஐத் தாண்டிருச்சு. பிரசவ வார்டுல வலில கத்துற பொண்ண எப்படித் திட்டுறாங்கன்னு எனக்கும் தெரியும். ஓபில நாங்க குடுக்குறது அஞ்சு நிமிஷம், குரூப்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் "என்னடா செல்லம்"னு கேக்க ஆள் இருக்கு. அங்க போகாம எங்க போவாங்க?

அதனால குரூப விட்டு வெளிய வாங்கன்னு சொல்லல. பேபி சோப்பு, குழந்தைக்கு பேரு, மாமியார் பிரச்சனை, எல்லாம் அங்கயே கேளுங்க. ரத்தம் பட்டா, தண்ணி உடைஞ்சா, குழந்தை அசைவு குறைஞ்சா, வலிப்பு வந்தா, முகம் கை திடீர்னு வீங்கினா குரூப்ல கேக்கக் கூடாது. போட்டோ எடுத்துப் போட்டு "இது நார்மலா சிஸ்?"ன்னு கேக்கவே கேக்காதீங்க, தயவு செஞ்சு. நேரா 108. சும்மா சந்தேகம்னா 104, அதாவது அரசு மருத்துவ ஆலோசனை நம்பர், இல்ல உங்க ஊரு நர்ஸம்மா நம்பர்.

அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். கெட்டது நடந்தவங்க எழுதினா அழிக்காதீங்க. 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியலாளர் கோடுகளோட நீளத்த வெச்சு ஒரு சோதனை பண்ணார், கூட்டம் மொத்தமும் வேணும்னே தப்பா சொல்றப்ப கண்ணு முன்னாடி தெரியுற பதிலயே பல பேர் மாத்திச் சொன்னாங்க. ஆனா கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியான பதில சொன்னா போதும், மத்தவருக்கும் தைரியம் வந்துருச்சு, தப்பு ரொம்பவே குறைஞ்சுது. அதனால "எனக்கும் இப்படித்தான் தலைவலி வந்துச்சு, ஆஸ்பத்திரி போனேன், சிசேரியன்தான், நல்லா இருக்கேன்"னு எழுத வேண்டியவங்க எழுதுங்கம்மா, ஹார்ட் வரலன்னாலும் பரவால்ல, யாரோ ஒருத்தி சத்தமில்லாம படிச்சுட்டு ஆட்டோ பிடிப்பா.

வீட்டுக்காரங்களுக்கு, கூகுள் பண்றத விட்டுட்டு ஒரு பிபி மிஷின் வாங்கி வைங்க. 140/90 வந்தா அன்னிக்கே டாக்டரப் பாருங்க. 160/110 வந்தாலோ, கூடவே தலைவலி இருந்தாலோ, பைய எடுங்க, கிளம்புங்க.